உண்ணிச்செடி மண்டிய சரிவை மீட்பது: மும்பையின் மலையடி சொசைட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

முலுண்டிலும் பாண்டுப்பிலும் போரிவலியிலும் குடியிருக்கும் நம்மவர்களில் பலர், தாம் ஒரு தீவில் வாழ்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. வடக்கே வசைக் கழி, கிழக்கே தாணேக் கழி, மேற்கே அரபிக் கடல் என்று நீர் சூழ்ந்த சாஷ்டித் தீவின் நடுவே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைகள் நிற்கின்றன. அவற்றின் அடிவாரம் வரை நம் கட்டடங்கள் வந்துவிட்டன. கட்டடத்துக்கும் மலைக்கும் இடையே சொசைட்டிக்கு, அதாவது குடியிருப்போர் சங்கத்துக்கு, சொந்தமான சரிவு நிலம் இருந்து, அது சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தால், உண்ணிச்செடி போன்ற அயல் செடிகள் மண்டி ஆள் நுழைய முடியாத புதராகிவிடும். எங்கள் சொசைட்டிக்குப் பின்னால் அப்படிக் கிடந்த முப்பது குண்டா (முக்கால் ஏக்கர்) சரிவில் ஐந்து மழைக்காலங்களாக வேலை செய்து கற்றுக்கொண்டதை, அதே நிலையில் உள்ள பிறருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் எந்தப் பொதுக்குழுவிலும் முதலில் எழும் யோசனை அதுவாகத்தான் இருக்கும். ஓர் ஏப்ரல் மாதத்தில் ஜேசிபி இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி, இரண்டே நாட்களில் சரிவு முழுவதையும் வழித்தெடுத்தோம். மும்பையில் ஆண்டுதோறும் பெய்யும் 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டுவது. பிடித்து நிறுத்த வேர் எதுவும் இல்லாத எங்கள் மேல்மண், ஜூலை முடிவதற்குள் கீழே இருந்த நாலாவை (மழைநீர்க் கால்வாயை) அடைத்துக்கொண்டது. பள்ளங்களை நிரப்புவதற்காக லாரியில் வரவழைத்த மண்ணோடு, அதுவரை எங்கள் நிலத்தில் இல்லாத பார்த்தீனியக் களையும் வந்து சேர்ந்தது. இயந்திரம் நசுக்கி விட்டுப்போன உண்ணிச்செடித் தூர்களோ, ஒவ்வொன்றும் நான்கைந்து தளிர்களாகக் கிளம்பின. அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: அடுத்த மழையில் முளைப்பதை எல்லாம் கையால் பிடுங்க எத்தனை பேர் இருக்கிறோமோ, அவர்களால் இயன்ற அளவு நிலத்தை மட்டுமே ஓராண்டில் திறப்பது. ஞாயிறுதோறும் எட்டுப் பேர் வந்தால், எங்கள் அனுபவத்தில் அது ஆண்டுக்கு ஆறு குண்டா. இன்னும் ஆறு குண்டா எங்களுக்குப் பாக்கி இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. மிக அடர்ந்த புதரை நோக்கியே எல்லோருடைய கையும் நீளும். சிட்னி நகரில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் தம் வீட்டருகே இருந்த காட்டுத் துண்டுகளில் கையால் களையெடுத்து வகுத்த முறை இதற்கு நேர் எதிரானது. உள்ளூர்ச் செடிகள் ஓரளவு நன்றாக இருக்கும் இடத்தில் முதலில் களையெடுத்து, அங்கிருந்து மோசமான இடத்தை நோக்கி மெல்ல நகர வேண்டும். மண்ணை இயன்றவரை கிளறாமல் விட வேண்டும். திறந்த இடத்தை உள்ளூர்ச் செடிகள் மூடும் வேகமே நம் வேகமாக இருக்க வேண்டும். நம் சரிவுகளில் இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. விதை தருவதற்கு அருகிலேயே நல்ல செடிகள் இருக்கும் இடத்தில் நாற்று வாங்கும் செலவே இல்லாமல் நிலம் தானாக மூடிக்கொள்கிறது.

எனவே கத்தியை எடுப்பதற்கு முன், எதை வெட்டக் கூடாது என்று பார்த்து வண்ணத் துணியால் கட்டி வையுங்கள். புரசு, கொன்றை, ஆத்தி, நொச்சி ஆகியவை நமக்குப் பழக்கமானவை. புதருக்குள் மெலிந்து, வெளிச்சம் தேடி நீண்டு நிற்பதால் முதலில் அடையாளம் தெரியாமல் போகலாம். கார்வியை மட்டும் மிகவும் கவனிக்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, காய்த்து, மடியும் குறுஞ்செடி அது. இம்மலைகளில் 2016இல் பூத்தது 2024இல் மீண்டும் பூத்தது. அதன் விதைகளிலிருந்து எழுந்த இளஞ்செடிகள் இப்போது புதரடியில் கூட்டங்கூட்டமாக நிற்கக்கூடும். சொரசொரப்பான இலையுடைய அவற்றைக் களை என்று நினைத்து மிதித்துவிட்டால், ஒரு தலைமுறைக் கார்வியை இழக்கிறோம். அடையாளம் காண்பதில் எங்களுக்குப் பெரிதும் உதவியவர் அருகிலுள்ள வார்லி பழங்குடியினரின் பாடாவை (குடியிருப்பை) சேர்ந்த ஒரு மூதாட்டி. மாவ்ஷி (சித்தி) என்றே நாங்கள் அவரை அழைக்கிறோம். நாங்கள் களை என்று ஒதுக்கிய குவியலிலிருந்து அவர் தகரையையும் பண்ணைக்கீரையையும் பிரித்தெடுத்து, டாக்ளா, குர்டு என்று மராத்தியில் பெயர் சொன்னபோதுதான், எங்கள் ஊர்ப் பக்கத்துக் கீரைகளை நாங்களே மறந்திருந்தது தெரிந்தது. அப்படிப்பட்டவர் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து முதல் இரண்டு நாட்கள் உடன் வைத்துக்கொள்வது, எந்தக் கருவியைவிடவும் பயனுள்ள செலவு.

அகற்ற வேண்டியவற்றில் முதன்மையானது உண்ணிச்செடி, மராத்தியில் காணேரி. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. அடுத்தது ரான்மோடி: முக்கோண வடிவ இலையில் சூலம் போன்று மூன்று நரம்புகள் தெளிவாகத் தெரியும், கசக்கினால் கடும் நெடி வீசும். மூன்றாவதும் நான்காவதும் மரங்கள்: வெள்ளைப் பந்து போன்ற பூவும் கொத்துக் கொத்தான பழுப்புக் காய்களும் கொண்ட சுபாபுல் (நம் ஊரில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் அதே சவுண்டல்), கோடைக்கு முன் இலையுதிர்த்து வெளிர் ரோஜா நிறத்தில் பூக்கும் கிளைரிசிடியா.

மரங்களைத் தொடுவதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1975ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அயல் மரமே ஆனாலும், நம் சொந்த நிலத்திலேயே நின்றாலும், மாநகராட்சியின் மர ஆணையத்தின் அனுமதியின்றி வெட்டக் கூடாது. தேசியப் பூங்காவின் எல்லைச் சுவருக்கு அப்பால், வனத்துறை அழைத்தாலன்றி, ஓர் இலையையும் தொடலாகாது.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். கணுக்காலுக்கு மேல் வரும் காலணி, தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாத எவரையும் வேலைக்குச் சேர்க்காதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளும் இத்தீவில் உண்டு. ஒவ்வொரு புதரையும் நீண்ட கோலால் தட்டி, சற்றுப் பொறுத்து, பிறகே குனிய வேண்டும். பாம்பைக் கண்டால் விலகி நின்று, வனத்துறையின் 1926 என்ற எண்ணை அழையுங்கள். சிறுத்தைகள் நடமாடும் பகுதி என்பதால் நன்றாக விடிந்த பிறகே தொடங்கி, மாலை ஐந்து மணிக்கு முன் முடித்துவிடுவது எங்கள் வழக்கம். மழைக்காலத்தில் காலில் காயத்தோடு சேற்று நீரில் நின்றவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலை மனத்திற்கொண்டு, காய்ச்சல் வரும்வரை காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருவிகள் மூன்று போதும்: மராத்தியில் கோய்தா எனப்படும் வெட்டரிவாள், டிகாவ் எனப்படும் குந்தாலி, பஹார் எனப்படும் கடப்பாரை. முலுண்டின் ஹார்டுவேர் கடைகளில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

உண்ணிச்செடியை அகற்ற ஏற்ற காலம், மழை ஓய்ந்தும் மண் இறுகாமலும் இருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள். இச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. வெட்டிய தூர் முன்னிலும் அடர்த்தியாகத் தழைக்கும். முழு வேரையும் தோண்டி எடுப்பதோ மண்ணைப் பெயர்த்து, உறங்கிக் கிடக்கும் விதைகளை மேலே கொண்டுவந்துவிடும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த முறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தண்டும் வேரும் கூடும் கழுத்துப் பகுதியிலிருந்துதான் இச்செடி மீண்டும் தளிர்க்கிறது; அதற்குக் கீழே எஞ்சும் வேர் தளிர்ப்பதில்லை. ஆகவே மண்மட்டத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே முதன்மை வேரை வெட்டிவிட்டால் போதும், மண்ணில் எஞ்சியது தானாக மக்கிவிடும்.

செய்யும் விதம் இது. முதலில் புதரின் மேற்பகுதியைக் கோய்தாவால் முழங்கால் உயரத்துக்கு நறுக்குங்கள். கிளைகளை இழுப்பதற்கு முன், அவற்றில் சின்னான் குருவியின் கூடு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எஞ்சிய தண்டை ஒருவர் கைப்பிடி போலப் பிடித்துச் சற்றே சாய்க்க, மற்றவர் எதிர்ப்பக்கத்திலிருந்து டிகாவைச் சாய்வாகச் செலுத்தி, மண்ணுக்குள் இருக்கும் வேரை ஓங்கி இரண்டு மூன்று அடியில் துண்டிக்க வேண்டும். தூர் கையோடு வந்துவிடும். அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானம் பார்க்குமாறு வையுங்கள். மண்ணில் பட்டபடி கிடந்தால் மீண்டும் வேர்பிடிக்கும். வளைந்து தரையைத் தொட்ட கிளைகளும் ஆங்காங்கே வேர்விட்டிருக்கும், அவற்றையும் பின்தொடர்ந்து சென்று எடுக்க வேண்டும். நாங்கள் விட்டுவைத்த இடங்களில் மீண்டும் வந்த செடிகளில் பெரும்பாலானவை இப்படிக் கிடைக்கிளையிலிருந்து எழுந்தவையே.

ரான்மோடிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அதன் வேர் மேலோட்டமானது. ஈர மண்ணில் கையாலேயே பிடுங்கலாம். காலம் தவறாமல் இருப்பதே முக்கியம். நவம்பர் வாக்கில் பூத்து, கோடைக்கு முன் காற்றில் பறக்கும் மெல்லிய விதைகளை ஆயிரக்கணக்கில் தூவிவிடும் என்பதால், அக்டோபருக்குள் எடுத்துவிட வேண்டும். காய்ந்த தண்டுகளை நிற்கவிட்டால் ஏப்ரலில் ஒரு தீப்பொறி போதும், சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும்.

சுபாபுலும் கிளைரிசிடியாவும் பொறுமையைக் கோருபவை. இரண்டும் வெட்டிய அடிமரத்திலிருந்து தழைத்து வரும். அனுமதி பெற்று வெட்டிய பின், தளிர்கள் முழம் உயரம் வரும்போதெல்லாம் ஒடித்துக்கொண்டே இருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் தூர் களைத்து மடிகிறது. அனுமதி கிடைக்கும்வரை சுபாபுலின் அடியில் மழைதோறும் முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருங்கள். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கிளைரிசிடியா மரங்கள் நிழல் தந்து மண்ணைக் காக்கும் இடங்களில், அவற்றைக் கடைசி ஆண்டுக்கு ஒத்திவைப்பதே நல்லது என்பது என் கருத்து. அடியில் நடப்பட்ட கொன்றையும் ஆத்தியும் தோள் உயரம் எட்டிய பிறகு, மேலே இருக்கும் நிழலை ஒவ்வொரு மரமாக விலக்கலாம்.

வெட்டியவற்றைக் கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் கழிவை எரிப்பது விதிமீறல் என்பதோடு, தீ மேலே மலைக்கு ஏறினால் அதை நம்மால் நிறுத்த முடியாது. காய் இல்லாத உண்ணிச்செடிக் கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே, ஏறக்குறைய மூன்று மீட்டருக்கு ஒரு வரிசையாக, முளைக்குச்சி அடித்துக் கிடத்தினால், அடுத்த ஜூனில் ஓடிவரும் மண்ணை அவை தடுத்து நிறுத்தும். எங்கள் சரிவில் நாலா அடைப்பு நின்றது இந்த வரிசைகளால்தான். காய் உள்ள கிளைகளைத் தனியே ஓரிடத்தில் குவித்து, மழையில் அங்கு முளைப்பதைக் கண்காணிக்க வேண்டும். கிளைரிசிடியாவின் தழை சிறந்த பசுந்தாள் உரம். ஆனால் அதன் குச்சி ஈர மண்ணில் பட்டால் வேர்பிடிக்கும் என்பதால், தழையை உருவிக்கொண்டு குச்சிகளைப் பாறைமீது காயப்போடுங்கள்.

இத்தனையும் செய்தால் பாதி வேலை முடிந்திருக்கும். மீதிப் பாதி, அடுத்து வரும் மூன்று மழைக்காலங்களில் இருக்கிறது. ஜூன் இறுதியில் தொடங்கி பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, திறந்த நிலம் முழுவதும் வரிசையாக நடந்து, இரண்டிலைப் பருவத்து உண்ணிச்செடி நாற்றுகளைப் பிடுங்குங்கள். பறவைகள் பழத்தைத் தின்று, உட்காரும் கிளைக்கு அடியில் விதையை எச்சமிடுவதால், பெரிய மரங்களின் நிழல்வட்டத்துக்குள்தான் நாற்றுகள் மிகுதியாக இருக்கும்; நேரம் குறைவாக உள்ள நாளில் அந்த வட்டங்களை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பார்த்தீனியம் தலைகாட்டும் இடங்களில், பூப்பதற்கு முன், கையுறையும் முகமூடியும் அணிந்து அதைப் பிடுங்கி, முதல் மழைக்கு முன்னதாகவே தகரை விதையைத் தூவிவிடுங்கள். தகரை முந்திக்கொண்டு அடர்ந்து வளர்ந்தால் பார்த்தீனியம் ஒடுங்கிவிடும். வெளியிலிருந்து மண் வாங்குவதை மட்டும் அறவே தவிருங்கள்.

ஜூன் கடைசியில், புதர் விலகிய இடங்களில், நுனி சுருண்ட இலைகளோடு மெல்லிய தண்டுகள் சில மண்ணைப் பிளந்துகொண்டு எழுவதைக் காண்பீர்கள். அவை செங்காந்தள், கிழங்கு மண்ணுக்குள் காத்திருந்து, வெளிச்சம் கிடைத்ததும் வருகிறது. பற்றி ஏறக் கொழுகொம்பு இல்லையென்றால் சாய்ந்து ஒடிந்துவிடும். அருகில் காய்ந்த உண்ணிச்செடிக் குச்சி ஒன்றை ஊன்றி வையுங்கள். செடியின் எல்லாப் பகுதியும், குறிப்பாகக் கிழங்கு, கடும் நச்சு என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். களையெடுக்க வருபவர்கள் அதைத் தவறிப் பிடுங்காமல் இருக்கக் குச்சியின் நுனியில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிடுங்கள்.