திட்டு விழாமல் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க

இருபது வருடமாக வீடுகளுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்கிறேன். காய்ந்த சுவர் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் எல்லோரும் பெயிண்டைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, பட்டி பார்த்த, அதாவது சுவரின் ஓட்டை, பள்ளத்தை மாவு வைத்து அடைத்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு வீட்டு ஹாலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்து முடித்த பிறகு நாலைந்து ஆணி ஓட்டைகள் கண்ணில் பட்டன. பட்டி வைத்து, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, நேராக எமல்ஷன் பெயிண்ட் அடித்துவிட்டேன். இரண்டு கோட் போன பிறகும் அந்த இடங்கள் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாகவே நின்றன. வெறும் பட்டி பெயிண்டைக் குடித்துவிடும். பிரைமர் பட்ட சுவர் அவ்வளவு குடிக்காது. முழுச் சுவரையும் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அதனால் கடைசி நேரத்தில் வைக்கும் பொட்டுப் பட்டிக்கும் பிரைமர் தொட்டுவிடுங்கள். தேய்த்த தூசியைத் துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள்.

ஒரு சுவருக்கு வேண்டிய பெயிண்ட் மொத்தத்தையும் ஒரே வாளியில் ஊற்றி, அடிவரை கிளறுங்கள். அடுத்த டப்பா அதே ஷேட் நம்பராக இருந்தாலும் மயிரிழை வித்தியாசம் வரலாம், அது சுவரின் நடுவில் தெரியக் கூடாது. தண்ணீரைக் கண்ணளவாக ஊற்றாதீர்கள். டப்பாவில் லிட்டருக்கு 400 மில்லி என்று போட்டிருந்தால் இரண்டு கோட்டுக்கும் அதே 400தான்.

அடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். மே மாத வெயிலில் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும்; காய்ந்த ஓரத்தின் மேல் ரோலர் ஏறினால் அங்கே ஒரு பட்டை விழும். ஆள் இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் பிரஷ்ஷால் மூலையும் ஓரமும் பிடித்துக்கொண்டு போக, மற்றவர் அது ஈரமாக இருக்கும்போதே ரோலர் ஓட்ட வேண்டும். பெயிண்டைப் பரப்பிய பிறகு, கடைசி இழுப்பு மட்டும் அழுத்தாமல் மேலிருந்து கீழாக, எல்லா இடத்திலும் ஒரே திசையில். சுவரின் நடுவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலையில்தான் நிறுத்தம்.

முதல் கோட்டுக்கு அப்புறம் நாலு மணி நேரமாவது விடுங்கள், மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதலாக. ஈரத்தில் எந்தச் சுவரும் திட்டாகத்தான் தெரியும், பதறி அதன் மேல் தொட்டுவிடாதீர்கள். மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். அப்போதும் திட்டுத் தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் தடவாமல், மூலைக்கு மூலை அந்தச் சுவருக்கு இன்னொரு கோட் கொடுத்துவிடுங்கள்.