மந்திரக்காரர் வேண்டுமா? முதலில் உங்கள் டிஎம்மிடம் ஒரு கேள்வி

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட வரும் புதியவர்களில் பாதிப் பேர் “எனக்கு மேஜிக் போடுற கேரக்டர்தான் வேணும்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடுத்த கேள்வி, மந்திரம் போடும் கிளாஸ்களில், அதாவது கேரக்டர் வகைகளில், விசார்ட், சோர்சரர், வார்லாக் மூவரில் யார் பவர்ஃபுல் என்பது. டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) உட்கார்ந்து எனக்குப் பழகிவிட்ட கேள்வி இது. நான் நேராகப் பதில் சொல்வதில்லை. மூன்று பேரும் ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் போடலாம் (வார்லாக் மட்டும் அதற்கு ஃபீண்ட் எனும் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும்). அதே இருபது அடி ஆரம், சேதத்துக்கு அதே எட்டு ஆறுபக்கப் பகடை. எதிரில் நிற்கும் கோப்ளினுக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் உங்களுக்குத்தான் தெரியும். எந்த மந்திரம் வேண்டும் என்று எப்போது முடிவு செய்ய உங்களுக்குப் பிடிக்கும்? உங்கள் மேஜையில், கதைக்குள் ஓடும் ஒரு நாளில், எத்தனை முறை ஓய்வு எடுக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கிளாஸ் தானாக வந்து நிற்கும். கீழே சொல்வதெல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி. எங்கள் மேஜை இன்னும் அதில்தான் ஓடுகிறது. 2024 புத்தகத்தில் மாறியதை அங்கங்கே சொல்கிறேன்.

விசார்ட் காலையில் முடிவு செய்கிறவர். முதல் லெவலில் ஸ்பெல்புக்கில் (அவருடைய மந்திர நோட்டில்) ஆறு மந்திரங்கள், ஒவ்வொரு லெவலுக்கும் இன்னும் இரண்டு. ஐந்தாம் லெவலில் பதினான்கு. அதிலிருந்து லெவலையும் இன்டெலிஜன்ஸ் மாடிஃபையரையும் (அறிவுத்திறன் தரும் கூடுதல் எண்) கூட்டினால் வரும் எண்ணிக்கையில் அன்றைக்குத் தேவையானதைத் தயார் செய்துகொள்ளலாம். வழியில் வேறு யாருடைய ஸ்பெல்புக்காவது கிடைத்தால் அதிலிருந்தும் எழுதிக்கொள்ளலாம். கேரக்டரைப் போல மந்திரங்களுக்கும் தனியாக லெவல் உண்டு; மந்திரத்தின் லெவல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம், ஐம்பது பொற்காசு. மூன்றாம் லெவல் மந்திரம் என்றால் ஆறு மணி நேரம், நூற்றைம்பது காசு.

பலர் கவனிக்காத லாபம் ரிச்சுவல், அதாவது சடங்கு போல நிதானமாகப் போடும் முறை. டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை மாதிரி ரிச்சுவல் மந்திரங்களைத் தயார் செய்யாமலே, ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் கோட்டா, ஓய்வெடுத்தால் திரும்பும்) செலவில்லாமல், புத்தகத்தைப் பார்த்தே போடலாம். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். எங்கள் மேஜையில் விசார்ட் ஆடுகிற நண்பர் தொழிலில் கணக்குப் பார்ப்பவர். ஸ்பெல்புக்குக்கென்று தனி நோட்டு, சிவப்பு மையில் ரிச்சுவல், நீல மையில் மற்றவை. அடுத்த வாரம் பாதாளக் கல்லறைக்குப் போகிறோம் என்றால் இந்த வாரமே பட்டியல் போட்டு வைத்திருப்பார். அந்த வேலை உங்களுக்குச் சந்தோஷம் தருமென்றால் விசார்டை எடுங்கள். ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் கேரக்டர் ஷீட்டைத் திறப்பவர் என்றால் வேண்டாம். உங்கள் முறை வரும்போதெல்லாம் மற்றவர்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

சோர்சரர் லெவல் ஏறும்போது முடிவு செய்கிறவர். ஐந்தாம் லெவலில் தெரிந்தது மொத்தம் ஆறே மந்திரங்கள். லெவல் ஏறும்போது ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். குறைவுதான். ஆனால் அந்த ஆறை வளைக்க மெட்டாமேஜிக் இருக்கிறது. மூன்றாம் லெவலில் இரண்டு வகை தேர்ந்தெடுக்கலாம். ட்வின்ட் என்றால் ஒருவர் மேல் மட்டும் போடும் மந்திரத்தை இரண்டு பேர் மேல் போடலாம்: மூன்று சோர்சரி பாயிண்டுக்கு (மெட்டாமேஜிக்குக்குச் செலவாகும் புள்ளிகள்) இரண்டு நண்பர்களுக்கும் ஹேஸ்ட் என்ற வேகமூட்டும் மந்திரம். (நடுவில் நீங்கள் அடிபட்டு கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கவனம், போனால் இரண்டு நண்பர்களும் ஒரு சுற்று மரம் போல் நிற்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உங்களோடு பேசுவது சந்தேகம்.) சப்டில் என்றால் வாயும் கையும் அசையாமல் மந்திரம். அரசவைக் காட்சிகள் அதிகம் வரும் கதையில் அதற்கு ஈடே இல்லை.

சோர்சரருக்கு மந்திரம் தேர்ந்தெடுக்கும்போது ஒரே வேலையைச் செய்யும் இரண்டை எடுக்காதீர்கள். ஆறில் மூன்று நெருப்பு என்றால், தீ தாங்கும் எதிரி வரும் அன்று உங்கள் பாதி ஷீட் வீண். அடிக்க ஒன்று, தப்பிக்க மிஸ்டி ஸ்டெப், தடுக்க ஷீல்ட், சண்டையே இல்லாத இடத்தில் உதவ ஒன்று என்று பிரித்து எடுங்கள். 2024 விதிகளில் மந்திர எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள், இந்த நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

வார்லாக் விஷயத்தில்தான் டிஎம்மிடம் கேட்க வேண்டும். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது ஸ்லாட், அதில் மூன்றாம் லெவல் இரண்டு. வார்லாக்குக்கு மொத்தமே இரண்டு, ஆனால் இரண்டும் மூன்றாம் லெவல். ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் இரண்டும் திரும்ப வந்துவிடும். விசார்டுக்குப் பெரும்பாலும் எட்டு மணி நேர லாங் ரெஸ்ட் வேண்டும். ஆக நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கும் மேஜையில் வார்லாக் ஆறு ஃபயர்பால் போடுவார். ஓய்வே இல்லாத மேஜையில் இரண்டோடு சரி.

டிஎம்முக்கான 2014 புத்தகம் நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மோதல், இடையில் சுமார் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று கணக்குப் போட்டது. யார் அப்படி ஆடுகிறார்கள்? நாங்கள் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் ஆடுகிறோம். கதைக்குள் ஒரு நாளுக்கு ஒரு பெரிய சண்டை, அப்புறம் எல்லோரும் தூக்கம். இப்படிப்பட்ட மேஜையில் வார்லாக் எடுப்பவர் எல்ட்ரிச் பிளாஸ்ட்டை நம்பித்தான் வாழ வேண்டும். கேன்ட்ரிப் எனும் சிறு மந்திரம்தானே, செலவில்லை, அகனைசிங் பிளாஸ்ட் என்ற கூடுதல் திறன் சேர்த்தால் ஒவ்வொரு கதிருக்கும் பத்துப் பக்கப் பகடையோடு கரிஸ்மா மாடிஃபையரும் சேரும், மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். 2024-இல் நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடத்தில் பாதி ஸ்லாட்டை மீட்கும் வசதி வந்திருக்கிறது. ஆனாலும் டிஎம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: “நம்ம ஆட்டத்துல ஷார்ட் ரெஸ்ட் உண்டா?” டிஎம் தயங்கினால் வேறு கிளாஸ் பாருங்கள். ஒப்பந்தம், அந்தப் பக்கம் இருக்கும் சாத்தான், அவனுக்குக் கட்ட வேண்டிய கடன் என்று கதைக்காகத்தான் எடுக்கிறேன் என்றால் தாராளமாக எடுங்கள். எனக்கு வேலை மிச்சம், வில்லன் தயார்.

மந்திரம் போடும் மற்ற மூன்று கிளாஸும் சுருக்கமாக. முதல் தடவை ஆடுபவருக்கு நான் தள்ளிவிடுவது கிளெரிக், அதாவது பூசாரி. மந்திரப் பட்டியல் முழுவதும் அவருக்குத் திறந்திருக்கும், தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் மறுநாள் காலை மாற்றலாம், கவசமும் கேடயமும் உண்டு. உயிர்ப் புள்ளிகளைக் கணக்கிடும் பகடை விசார்டுக்கு ஆறுபக்கம், இவருக்கு எட்டுப்பக்கம். கிளெரிக்கைக் காயம் ஆற்றுபவராக மட்டும் பார்த்து “ஹீலர்னா போர்” என்பவர்கள், நண்பர்களின் பகடைக்குக் கூடுதல் தரும் பிளெஸ் மந்திரம் போட்டுப் பார்க்கட்டும். பார்ட், அதாவது பாடகர், பேசத் தெரிந்தவர்களுக்கு; கூச்சமுள்ளவர் எடுத்தால் அவருக்கும் டிஎம்முக்கும் கஷ்டம். ட்ரூயிட் எனக்குப் பிடித்தது, ஆனால் மிருகமாக மாறும்போது எந்த மிருகம், அதன் எண்கள் என்ன என்று தனித் தாள் வைத்திருக்க வேண்டும். உருமாறிய பிறகு புது மந்திரம் போட முடியாது, முன்பே போட்டதன் கான்சன்ட்ரேஷன் தொடரும். கொடிகளால் கட்டிப்போடும் என்டாங்கிள் மந்திரம் போட்டுவிட்டுக் கரடியாக மாறுவது எனக்கு அலுக்காத வேலை.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: கான்சன்ட்ரேஷன் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடிபட்டால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் பகடை) உருட்ட வேண்டும். இலக்கு பத்து, அல்லது பட்ட அடியில் பாதி, எது பெரிதோ அது. பட்டியலில் உள்ள எல்லாமே கான்சன்ட்ரேஷனாக இருந்தால் திரும்பப் பாருங்கள்.

புத்தகத்தை உடனே வாங்க வேண்டாம். அடிப்படை விதிகள் 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளிவந்துவிட்டன. இந்த ஆறு கிளாஸும் அதில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு உட்பிரிவோடு. முதல் கேரக்டருக்கு அது தாராளம்.