பல்லுக்கு கிளிப் போட்டபிறகு பல் தேய்ப்பது எப்படி?

கிளிப் போட்ட முதல் வாரம் வலியிலும், உதட்டு உரசலிலும், எதைச் சாப்பிடுவது என்ற குழப்பத்திலும் போய்விடும். பல் தேய்ப்பது ஏதோ பேருக்கு நடக்கும். ஆனால் பழக்கத்தைச் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டிய நேரமே அதுதான். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான ப்ராக்கெட்டைச் சுற்றிப் பாக்டீரியாப் படலம் தங்கிக்கொண்டே இருந்தால் ஒரு மாதத்துக்குள்ளேயே பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமலில் சுண்ணாம்பு நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் தோன்றத் தொடங்கலாம். ஒன்றரை, இரண்டு வருடம் பொறுத்திருந்து, கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் வரிசையாக இருக்கும். ஆனால் ப்ராக்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும். அது பல பேருக்கு முழுசாக மறைவதே இல்லை. இவ்வளவு செலவு செய்து, வலியும் தாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி நடக்கக் கூடாது.

வாயில் இருக்கும் பாக்டீரியா நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் எடுத்துக்கொண்டு அமிலத்தை வெளிவிடும். படலத்துக்குள் பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் உள்ள தாதுக்கள் கரைய ஆரம்பிக்கும். சாதாரணமாக உமிழ்நீரும் நாக்கும் கன்னமும் சேர்ந்து பல்லை ஓரளவு கழுவிவிடும். கிளிப் போட்ட பல்லில் கம்பிக்குப் பின்னாலும் ப்ராக்கெட் ஓரத்திலும் அது நடப்பதில்லை. அங்கே நாம்தான் பிரஷ்ஷைக் கொண்டுபோக வேண்டும்.

வாங்க வேண்டியவை

சிறிய தலையும் மென்மையான நாரும் கொண்ட பிரஷ் ஒன்று. நடுவில் பள்ளம் விட்ட, கிளிப்புக்கென்றே வரும் பிரஷ் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குறையில்லை. அடுத்து, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சின்னதாக்கியது போல இருக்கும் பல் இடுக்கு பிரஷ். மருந்துக் கடையில் 'இன்டர்டென்டல் பிரஷ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள், 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உமிக்கரி, சொரசொரப்பான பல்பொடி, கரி பேஸ்ட் எதுவும் இப்போது வேண்டாம், அவை எனாமலைத் தேய்க்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம், அப்புறம் பேஸ்ட்டிலும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பல்லில் கறை விழவைப்பது, ஈறுக்குள் பல் உருவாகும் சிறு வயதில் உடலுக்குள் போகும் ஃப்ளோரைடு. கிளிப் போடும் வயதில் முன்பற்கள் உருவாகி முடிந்திருக்கும். பேஸ்ட்டை விழுங்காமல் துப்பினால் போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கொப்பளித்தல்

மாட்டிக் கழற்றும் ரப்பர் இருந்தால் கழற்றி வையுங்கள். தண்ணீரை வாயில் நிறைத்து, கன்னத்தை உப்பிப் பலமாகக் கொப்பளியுங்கள். பெரிய துணுக்குகள் போய்விடும்.

படி 2: ஈறு ஓரம்

நிறையப் பேர் தவறவிடும் இடம் இதுதான். ப்ராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு குறுகிய பட்டை இருக்கிறது. பிரஷ்ஷை நேராக வைத்துத் தேய்த்தால் நார் ப்ராக்கெட்டில் முட்டி நின்றுவிடும், அந்தப் பட்டையைத் தொடவே தொடாது. அதனால் பிரஷ்ஷைச் சுமார் 45 டிகிரி சாய்த்து, நாரின் நுனி ஈறைப் பார்க்கும்படி வையுங்கள். மேல் பல்லுக்கு மேல்நோக்கி, கீழ்ப் பல்லுக்குக் கீழ்நோக்கி. பாதி நார் ஈறிலும் பாதி பல்லிலும் இருக்க வேண்டும். அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பற்களை மட்டும் தேய்த்துவிட்டு நகருங்கள். கண்ணாடி முன் நின்று, உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துச் செய்தால்தான் எங்கே தேய்க்கிறோம் என்று தெரியும். கடைவாய்ப் பல்லில் வளையம் போட்டிருந்தால் அதன் ஓரத்திலும் கொஞ்சம் நின்று தேய்க்க வேண்டும்.

படி 3: ப்ராக்கெட்டும் மற்ற பக்கங்களும்

இப்போது பிரஷ்ஷை எதிர்ப்பக்கம் சாய்த்து, கம்பியின் மறுபுறத்தைத் தேய்யுங்கள். பிறகு ப்ராக்கெட்டின் முகத்தை. கடைசியில் பல்லின் உட்பக்கம், மெல்லும் பக்கம், நாக்கு. இவை எல்லாம் வழக்கம்போலத்தான்.

படி 4: கம்பிக்கு அடியில்

பல் இடுக்கு பிரஷ்ஷைக் கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை நுழைத்து, ஒவ்வொரு ப்ராக்கெட்டின் இரு பக்கத்தையும் தேய்த்து எடுங்கள். நுழையாவிட்டால் திணிக்க வேண்டாம், சிறிய அளவு வாங்குங்கள். இரவில் முடிந்தால் பல் நூலும் பயன்படுத்தலாம். நூலைக் கம்பிக்கு அடியில் கொண்டுபோக வளையும் பிளாஸ்டிக் ஊசி ஒன்று கிடைக்கும். தண்ணீர் பீய்ச்சும் கருவி துணுக்குகளை எடுக்கும், ஆனால் அது பிரஷ்ஷுக்குப் பதில் ஆகாது.

படி 5: துப்புங்கள், கழுவாதீர்கள்

நுரையைத் துப்பியபின் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கட்டும். ஃப்ளோரைடு கலந்த வாய்க்கொப்பளிப்பான் சொல்லியிருந்தால், பல் தேய்த்த நேரத்தில் இல்லாமல், பள்ளியிலிருந்து வந்ததும் என்பதுபோல வேறொரு நேரத்தில் பயன்படுத்துங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி வாய்க்கொப்பளிப்பானை மட்டும் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் தொடராதீர்கள், பல்லில் பழுப்புக் கறை படியும்.

எல்லாம் சேர்த்து நான்கைந்து நிமிடம் ஆகும். காலையில் அவசரம் என்றால் பல் இடுக்கு பிரஷ்ஷை விட்டாலும் விடுங்கள், இரவில் ஒரு படியையும் விடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும், அழுக்கோடு படுத்தால் அமிலத்துக்கு முழு ராத்திரியும் கிடைக்கும். தேய்த்தபிறகு சர்க்கரை போட்ட பாலும் கூடாது.

ஈறில் ரத்தம் வந்தால்

பயந்துபோய் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. படலம் தங்கி ஈறு வீங்கியதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. அதே இடத்தை மென்மையாக, தினமும் சுத்தம் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். குறையாவிட்டாலோ, ஈறு வளர்ந்து ப்ராக்கெட்டை மூடத் தொடங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாடு

முறுக்கு, சீடை, கரும்பு, கமர்கட், ஐஸ் கட்டி எல்லாம் ப்ராக்கெட்டைப் பெயர்க்கும். கொய்யாவையும் மாங்காயையும் துண்டு போட்டுச் சாப்பிடலாம். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே முறையாகச் சாப்பிடுவது, நாள் முழுக்கக் கொறிப்பதைவிட மேல். சர்க்கரை போட்ட காபியை மணிக்கணக்கில் உறிஞ்சுவதும் கொறிப்பதில்தான் சேரும். சாம்பார் மஞ்சளால், ப்ராக்கெட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் வெள்ளை ரப்பர் மஞ்சளாகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம், அடுத்த முறை மாற்றிவிடுவார்கள்.

கம்பியை முறுக்கப் போகும் நாளிலேயே பல்லையும் சுத்தம் செய்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது தனி வேலை, கேட்டு வாங்க வேண்டும். "எங்காவது வெள்ளையாக ஆரம்பித்திருக்கிறதா டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, அது மேலும் பரவாமல் தடுக்க வழி இருக்கிறது.