பாய்மரத்துக்குத் தோல் சட்டை: உரசலிலிருந்து வார்னிஷைக் காப்பாற்றும் முறை

மரப்படகு வாங்கிய புதிதில் பலரும் செய்கிற தவறு இது. பாய்மரத்தில் ஓரிடத்தில் வார்னிஷ் தேய்ந்து வெறும் மரம் தெரியும். உடனே டப்பாவைத் திறந்து ஒரு பூச்சு பூசுவோம். இரண்டு வாரத்தில் அதே இடம் மறுபடி தேயும். நானே ஒரு பருவம் முழுக்க இப்படிப் பூசிக்கொண்டிருந்தேன். வார்னிஷ் வெயிலையும் நீரையும் தடுக்கும், அவ்வளவுதான். உரசலுக்குத் தோல் கட்ட வேண்டும்.

முதலில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள். சந்தேகப்படும் இடங்களில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒரு மணி நேரம் பாயை ஏற்றி ஓட்டிவிட்டு வாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உங்கள் இடம். பெரும்பாலும் அது, பாயின் அடிக்கட்டை கவைபோலப் பாய்மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பகுதியாக இருக்கும். பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கயிறுகளின் வளையம் உட்காரும் இடத்தையும், பாயை ஏற்றும் கயிறு அடிக்கும் இடத்தையும் பாருங்கள்.

அடுத்தது பழைய வார்னிஷ். உரிந்து நிற்பதையும் கொப்புளம் விட்டதையும் சுரண்டி எடுங்கள். கெட்டியாக ஒட்டியிருப்பதை விட்டுவிடலாம், ஓரத்தை மட்டும் தேய்த்துச் சரிவாக்கினால் போதும். மரம் கறுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. நன்றாகக் காயவிட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவினால் கறை வெளுக்கும். அது விஷம். கையுறை போட்டு வேலை செய்யுங்கள், பிறகு நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். மரம் மறுபடி முழுக்கக் காய்ந்ததும் 80, 120, 180 நம்பர் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். மரத்தின் இழை ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷுக்கு அடியில் பளிச்சென்று தெரியும்.

இனி பூச்சு. மேசை நாற்காலிக்கு அடிக்கும் கடினமான வார்னிஷ் வேண்டாம். காற்றில் பாய்மரம் வளையும், அந்த வார்னிஷ் வளையாமல் வெடிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும், படகுகளுக்கான வார்னிஷ் வாங்குங்கள். முதல் பூச்சை, டப்பாவில் சொல்லியிருக்கும் கரைப்பானைக் கிட்டத்தட்ட சரிபாதி கலந்து நீர்க்கப் பூசினால் மரம் குடித்துக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கி, மொத்தம் 6 முதல் 8 பூச்சு. நடுநடுவே 220 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். மெதுவாகக் கிளறினால் போதும். பனி காய்ந்த பிறகு தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். பாய்மரத்தின் உச்சியிலும் அடியிலும் உள்ள வெட்டுமுனைகளுக்கு இன்னும் இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள், நீரை அதிகம் உறிஞ்சுவது அவைதான். ஒரு எச்சரிக்கை: வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பூச்சு நன்றாக இறுகக் குறைந்தது ஒரு வாரம் விட்டு, தோலுக்கு வாருங்கள். மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதப்படுத்திய, 3 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் நல்லது. பாய்மரத்தின் சுற்றளவைக் காகிதம் சுற்றி அளந்து, தோலை அதைவிட 5 அல்லது 6 மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். நான் முதல் தடவை சரியான அளவுக்கு வெட்டினேன். நனைந்த தோல் இழுபட்டு நீண்டது, தைத்து முடித்த மறுநாள் தளர்ந்த சாக்ஸ் மாதிரி கீழே இறங்கிவிட்டது.

இரு ஓரங்களிலும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை குத்துங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும். தோலை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, பாய்மரத்தைச் சுற்றிப் பிடித்து, மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஷூ லேஸ் கட்டுவதுபோல அடியிலிருந்து மேலே குறுக்காக இழுத்துத் தையுங்கள். ஒவ்வொரு தையலையும் இறுக்கிக்கொண்டே போங்கள். தையல் பாய்மரத்தின் முன்பக்கம் இருக்கட்டும். கவை அழுந்துவது பின்பக்கமும் பக்கவாட்டிலும். காயும்போது தோல் சுருங்கிக் கச்சிதமாக உட்காரும்.

ஆணி அடிக்கத் தோன்றும், வேண்டாம். ஒவ்வொரு ஆணித் துளையும் நீருக்கு ஒரு வாசல். வேறு வழியே இல்லையென்றால் செம்பு ஆணி. இரும்பு மட்டும் கூடவே கூடாது, தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து அது மை போலக் கறுக்கும். பழைய காலத்து எழுதும் மைகளில் ஒரு வகை அந்தக் கலவைதான்.

தோல் காய்ந்ததும் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்து தேய்த்து ஊறவிடுங்கள். மேல் விளிம்பில் கூடுதலாக. வருடத்துக்கு ஒருமுறை தோலைப் பார்த்து எண்ணெய்ப் பசை குறைந்திருந்தால் மறுபடி தடவி, வார்னிஷை லேசாகத் தேய்த்து ஒன்றிரண்டு பூச்சு கொடுத்தால் போதும்.

படகைக் கட்டிவிட்டுப் போகும்போது பாய் ஏற்றும் கயிற்றை இழுத்துப் பக்கக் கயிற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றில் ராத்திரி பூராவும் டக் டக்கென்று பாய்மரத்தில் அடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வார்னிஷும் போகும், பக்கத்துப் படகில் படுத்திருப்பவர் தூக்கமும் போகும்.