பருவுக்கு டீ ட்ரீ ஆயில்: எத்தனை சொட்டு, எங்கே, எப்படி

திருப்பூரில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். பருவோடு வரும் பெண்களில் பலர் டீ ட்ரீ ஆயிலை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டு, "அக்கா, இதை அப்படியே தடவலாமா?" என்று கேட்பார்கள். கூடவே கூடாது.

செடியிலிருந்து வருவதுதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். இது தேங்காய் எண்ணெய் மாதிரி ஆட்டி எடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் வளரும் ஒரு மரத்தின் இலையை நீராவியில் வடித்து எடுப்பது. அதிலுள்ள டெர்பினென்-4-ஆல் என்ற பொருள்தான் பருவை உண்டாக்கும் கிருமியை அடக்குகிறது. கலக்காமல் வைத்தால் அதுவே தோலையும் எரித்துவிடும். நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது பெரிய தொந்தரவு. எரிந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பரு இருந்ததைவிட அதுதான் அந்தப் பிள்ளைகளை அதிகம் வருத்துகிறது.

சரி, கலக்கும் விதம். 10 மி.லி. ஜோஜோபா எண்ணெயை ஒரு கறுத்த கண்ணாடி பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4 சொட்டு டீ ட்ரீ ஆயில். ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 20 சொட்டு என்று கணக்கு வைத்தால் இது 2 சதவீதம் வரும். தோல் ஒத்துக்கொண்டால் மெதுவாக 10 சொட்டு வரை ஏற்றலாம், அது 5 சதவீதம். அதற்கு மேல் வேண்டாம். ஜோஜோபாவுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும். பன்னீரில் விடுவதும் வீண். எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும், பஞ்சில் நனைத்தால் வீரியம் குறையாத எண்ணெய் நேராக முகத்தில் படும்.

முதல்நாள் முகத்தில் வைக்க வேண்டாம். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு தடவி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, சின்னச் சின்னப் பொரி எதுவும் வந்தால் இந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள்.

ஒன்றும் வரவில்லையென்றால், இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் பருவின் மேல் மட்டும் தொட்டு வையுங்கள். முகம் முழுக்கப் பூசுவது மருந்தல்ல. கண், உதடு பக்கம் போகவே கூடாது. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

பொறுமை வேண்டும். 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகத் தடவும் மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் தொந்தரவு குறைவு. ஆகவே ஒரு வாரத்தில் பலன் இல்லையே என்று சொட்டைக் கூட்டாதீர்கள்.

வீட்டில் கிடக்கிறதே என்று நீலகிரித் தைலத்தையோ கிராம்பு எண்ணெயையோ முகத்தில் வைக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம், கிராம்பு எண்ணெய் மோசமாக எரிக்கும். எலுமிச்சை எண்ணெய் தடவி வெயிலில் போனால் தோல் கருகிவிடும். அப்புறம், நெற்றியில் மட்டும் பரு வருகிறவர்கள் இரவில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுப்பதை நிறுத்திப் பாருங்கள். சில பேருக்கு அதிலேயே குறைந்துவிடுகிறது.

பாட்டிலை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வயிற்றுக்குள் போனால் விஷம். திறந்து நாளாகி, காற்றுப் பட்ட எண்ணெயில்தான் அலர்ஜி அதிகம் வருகிறது. வாசனை மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

டாக்டர் தந்த அடாபலீன் என்ற பரு மருந்தைத் தடவுகிறவர்களும், பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக வலிக்கும் பருவுக்கும், பள்ளம் விழும் பருவுக்கும் எந்த எண்ணெயும் போதாது. இரண்டு மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே தோல் டாக்டரிடம் போங்கள். போகும்போது தடவிக்கொண்டிருந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.