மொட்டை மாடியில் நீர்பிரம்மி: ஒரு பழைய டப் போதும்

ஈரம் காயாத இடமாக இருந்தால் நீர்பிரம்மி தானாகவே படரும். ஞாபக சக்திக்கு என்று சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் சொல்லும் மூலிகை இது. அதற்காகச் சென்னைப் பள்ளிக்கரணைப் பக்கம் போய்ப் பிடுங்கி வராதீர்கள். அது 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்புநிலம்; பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக்கிடங்கு வேறு. இந்தச் செடியோ ஈயம், காட்மியம் போன்றவற்றை நீரிலிருந்து உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் ரகம். வீட்டில் வளர்ப்பதுதான் நல்லது.

முதலில் சரியான செடியா என்று பாருங்கள். நான் ஏமாந்தது இங்கேதான். நர்சரியில் நீர்பிரம்மி என்று கொடுத்ததை ஆறு வாரம் வளர்த்தேன். பூத்தபிறகுதான் பொடுதலை என்று தெரிந்தது. பொடுதலையின் இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். நீர்பிரம்மி இலை சின்னது, காம்பே இல்லாமல் ஜோடி ஜோடியாகத் தண்டை ஒட்டியிருக்கும், கிள்ளினால் சதைப்பற்று தெரியும். நுனியில் ஒரு துளி கடித்தால் நல்ல கசப்பு. பூ வெள்ளை அல்லது வெளிர் ஊதா, ஐந்து இதழ். வடக்கே வல்லாரையையும் பிரம்மி என்பார்கள். அதன் இலை வட்டம், காம்பு நீளம், குழப்பமே வராது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன்தொட்டிச் செடியாக 'பகோபா' என்று விற்பதை வாங்க வேண்டாம். கசக்கினால் எலுமிச்சை வாசம் வந்தால் அது வேறு இனம்.

அப்புறம் டப். அரை அடி ஆழமுள்ள, அகலமான பழைய பிளாஸ்டிக் டப் எடுங்கள். அடியில் ஓட்டை வேண்டாம். களிமண் கலந்த தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு. முக்கால்வாசி நிரப்பி, மண்மட்டத்துக்குச் சரியாகப் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போடுங்கள், ஸ்க்ரூடிரைவரைச் சூடாக்கிக் குத்தினால் போதும். ஐப்பசி மழையில் டப் குளமாகாமல் இருப்பதற்கும் கொசு முட்டையிடாமல் இருப்பதற்கும் இந்த ஒரு ஓட்டைதான் காவல். தண்ணீர் தேங்கவே கூடாது, சேறு மட்டும் இருக்க வேண்டும்.

நான்கு அங்குலத் தண்டுகளாக நறுக்கி, கீழ்க் கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணு சேற்றுக்குள் போகும்படி படுத்தவாக்கில் அழுத்துங்கள். கணுவில்தான் வேர் விடும். பத்து நாளில் லேசாக இழுத்துப் பாருங்கள், வராது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி பக்கெட்டில் வைத்து ஊற்றுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் நிழல்வலைக்குக் கீழே தள்ளிவிடுங்கள். என் டப் ஒரு மே மாதம் மதியத்தில் வற்றி, சேறு ஓடு ஓடாக வெடித்துவிட்டது. ஓரத்தில் பிழைத்த இரண்டு கணுவிலிருந்து மறுபடி வந்ததுதான் இப்போது இருப்பது.

இரண்டு மாதத்தில் அறுக்கலாம், இரண்டு அங்குலம் விட்டு. எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கைப்பிடி தேங்காய்த் துவையலோடு சரி. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் சிலருக்குக் குமட்டும். கர்ப்பிணிகள், தைராய்டு அல்லது இதய மாத்திரை எடுப்பவர்கள் தாமாகத் தொடவே வேண்டாம். மருந்தாகச் சாப்பிட நினைப்பவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.