நிற்காமல் ஓடும் கொமட் தண்ணீர்: மலைநாட்டு வீட்டில் நாமே சரிசெய்வது

கொமட்டுக்குள் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தால் உடனே ஹார்ட்வெயார் கடைக்கு ஓடாதீர்கள். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கி, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். வழி இரண்டுதான். மட்டம் ஏறி, நடுவில் நிற்கும் வழிகுழாய்க்குள் விழலாம். அப்படியானால் தண்ணீரை உள்ளே விடும், மிதவைப் பந்து வைத்த ‘போல் வால்வில்’ (ball valve) கோளாறு. அல்லது அடியில் உள்ள ரப்பர் சரியாக உட்காராமல் கசியலாம். அது ஃப்ளஷ் வால்வின் வேலை. இதைப் பிரித்துப் பார்க்காமல் நல்ல போல் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியது போட்டும் நிற்கவில்லையே என்று வருந்துகிறவர்களை மஸ்கெலியாவில் எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன்.

மட்டம் வழிகுழாயைத் தொடாமலே தண்ணீர் போகிறதென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்த சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வைப் பூட்டுங்கள். தொட்டியின் உள்சுவரில் மட்டத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள். துணிக்குப் போடும் நீலத்தில் சில சொட்டுகள் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொமட்டுக்குள் நீலம் தெரிந்தால் அடி ரப்பர்தான். அப்புறம் ஒரு லீற்றர் போத்தலால் கோடு வரை நிரப்பிப் பாருங்கள். அரை மணியில் 6 லீற்றர் இறங்கியிருந்தால், நாளுக்கு 288 லீற்றர். மாதத்துக்கு எட்டரை யூனிட் அளவு (ஒரு யூனிட் என்பது 1000 லீற்றர்).

“எங்களுக்கு மலைத் தண்ணிதானே அண்ணே, பில் வராதே” என்று சொல்வார்கள். பில் வராது, சரி. ஆனால் பெப்ரவரி, மார்ச்சில் ஊற்று சுருங்கும்போது கீழ் வீட்டில் உங்கள் கொமட்டினால்தான் ஒரு குடம் நிரம்பத் தாமதமாகும். இன்னொன்று, அந்த 288 லீற்றரும் மலக்குழிக்குத்தான் போகிறது. குழியில் கசடு அடங்க நேரமில்லாமல், கழிவுநீர் மண்ணில் ஊறிப்போகும் ஊறு குழிக்குத் தள்ளப்பட்டு, மண்ணின் துளைகள் அடைபடும். நம் வீடுகளின் குழி பெரும்பாலும் சரிவில், கீழ் வீட்டுக்கு மேலே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்ததை மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை. அது பெருமழையால் வந்த மண்சரிவு. ஒரு கொமட் மலையைச் சரித்துவிடாது. ஆனாலும் மழைக்காலத்தில் சரிவு மண்ணுக்குள் இரவும் பகலும் நாமே தண்ணீர் விடுவது எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

இனி போல் வால்வு. நம் பக்கத்தில் கோளாறு கூடுதலாக இங்கேதான். காரணம் அழுத்தம். தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தாங்கி தேயிலை மலையில் 40 மீற்றர் மேலே இருந்தால் 4 பார். கூரைத் தாங்கிக்கென்று செய்த, துளை பெரிதான வால்வை இந்த லைனில் நேராகப் பொருத்தினால், மிதவை எவ்வளவு மேலே தள்ளினாலும் தண்ணீர் வாஷரைத் தள்ளிக்கொண்டு வரும். பகலில் ஒழுங்காக நின்று, ஊர் தூங்கியபின் வழிந்தால் சந்தேகமே வேண்டாம், அழுத்தம்தான். எல்லோரும் பைப்பைப் பூட்டியதும் அது ஏறுகிறது. கடையில் கேட்கும்போது ‘ஹை பிரஷர்’ வால்வு என்று சொல்லிக் கேளுங்கள். அதுவரை ஆங்கிள் வால்வைப் பாதி மூடி வையுங்கள். தொட்டி நிரம்பக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். இடமும் காசும் இருந்தால், மலைத் தண்ணீரை முதலில் வீட்டுக் கூரைத் தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து பாத்ரூமுக்கு இறக்குவதே நிரந்தரத் தீர்வு.

மழை பெய்து தண்ணீர் கலங்கி வந்த மறுநாள் வழிவு தொடங்கினால், வால்வுக்குள் மணல் சிக்கியிருக்கும். ஆங்கிள் வால்வைப் பூட்டி, மிதவைக் கம்பியின் பின்னைக் குறட்டால் இழுத்து, பிஸ்டனை வெளியே எடுங்கள். அதன் நுனியில் சிறு ரப்பர் வாஷர் இருக்கும். அதில் வட்டமாகக் குழி விழுந்திருந்தால் திருப்பிப் போடலாம், புதியது போடுவது இன்னும் நல்லது. பிஸ்டன் இல்லாத இந்தக் கால பிளாஸ்டிக் வால்வானால் மேல்மூடியைத் திருகிக் கழற்றுங்கள். மூடுமுன் ஒரு கோப்பையை வால்வின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் திறந்து மணலை அடித்துப்போக விடுங்கள். கோப்பை இல்லாவிட்டால் கூரை வரை அடிக்கும்.

மிதவைப் பந்தையும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டால் ஓட்டை, மாற்ற வேண்டும். கடை திறக்கும் வரை பந்தைத் துடைத்து, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் மட்டம் உயர்ந்தால், பித்தளைக் கம்பியை மெதுவாகக் கீழ்நோக்கி வளையுங்கள். பிளாஸ்டிக் என்றால் வளைக்காதீர்கள், உடையும். அதற்கு ஒரு திருகு இருக்கிறது. வழிகுழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும்.

அடி ரப்பர் கசிந்தால் வேலை இன்னும் சுலபம். தண்ணீரைப் பூட்டி, ஃப்ளஷ் பண்ணித் தொட்டியைக் காலியாக்குங்கள். பட்டன் வகையில், நடுவிலுள்ள கோபுரத்தை இடப்பக்கமாகச் சிறிது திருப்பினால் மேலே வரும். அடியில் உள்ள ரப்பர் வளையத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அது உட்காரும் விளிம்பையும் விரலால் தடவி, படிந்த மண்டியைத் துணியால் துடைத்தெடுங்கள். பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். வளையம் தடித்தோ வெடித்தோ இருந்தால், அதையே கையில் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். சங்கிலி வைத்த வகையில், சங்கிலி விறைப்பாக இழுத்துக்கொண்டு ரப்பரைத் தூக்கியபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளோரின் வில்லைகளைத் தொட்டிக்குள் போடுவதை நிறுத்துங்கள். அது ரப்பரை அரிக்கும்.

பழைய குவார்ட்டர்ஸ்களில் உயரத்தில் தொங்கும் இரும்புத் தொட்டிகளுக்கு அடி ரப்பர் கிடையாது. வழிவு சுவருக்கு வெளியே குழாயில் சொட்டும். அங்கே போல் வால்வை மட்டும் பார்த்தால் போதும்.

தொட்டிக்கும் கொமட்டுக்கும் நடுவே, தரையில் ஈரம் தெரிந்தால் அது வேறு கசிவு. போல்ட் வாஷரை மாற்றலாம், ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் பீங்கான் வெடிக்கும். தொட்டியிலேயே வெடிப்பு இருந்தால் பூசி ஒட்டிக் காலம் கடத்த வேண்டாம், புதுத் தொட்டி வாங்குங்கள்.